பட்டம் ஒன்று, பணி வேறு: மருந்தாளுநராக விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழின் பதில் ஒன்றில், வேறு துறையில் பட்டம் பெற்றவர்களும் பார்மசி படிப்பில் சேரலாம் என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திருப்பூர், ஈரோடு, ராசிபுரம், கரூர், கோபி எனக் கொங்கு வட்டாரத்திலிருந்து பல கடிதங்கள் வந்துவிட்டன. எனவே இந்த முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரை வெளியிடவில்லை.

கேள்வி: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணிப்பொறி அறிவியல் படித்தேன். பிறகு பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல் முடித்து, ஆறு ஆண்டுகளாகத் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிப்பவர்) இருக்கிறேன். வயது 28. என் மாமியார் சிறுநீரக நோயாளி. அவருடைய மருந்துகளை மாதாமாதம் வாங்கி, வேளை பிரித்து வைத்துக் கொடுத்ததில் இந்தத் துறையின் மீது எனக்கு உண்மையான ஈடுபாடு வந்துவிட்டது. ஆனால் உயிரியல் படிக்காதவர்கள் பார்மசி சேர முடியாது என்கிறார்கள். சேர முடியுமென்றால் டி.பார்ம். என்னும் பட்டயப் படிப்பா, பி.பார்ம். என்னும் பட்டப்படிப்பா? இத்தனை ஆண்டு அனுபவமும் வீண்தானா? (வாசகி, திருப்பூர்)

பதில்: உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. டி.பார்ம்., பி.பார்ம். ஆகிய இரண்டுக்குமே இந்திய பார்மசி கவுன்சில் கேட்பது இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல் அல்லது கணிதம். அந்த 'அல்லது' என்ற சொல்லைக் கவனிக்காமல் ஒதுங்கிப்போன பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். உங்கள் பி.எஸ்சி. பட்டம் இந்தச் சேர்க்கையில் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. பீரோவில் அடியில் கிடக்கும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்தான் உங்களுடைய அனுமதிச் சீட்டு. அதைத் தேடி எடுத்து வையுங்கள். அத்துடன் பட்டப்படிப்பு படித்த கல்லூரியின் மாற்றுச் சான்றிதழும் தேவைப்படும். படிப்பில் விழுந்த இடைவெளிக்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்பதும் வழக்கம்.

உயிரியல் படிக்காதவர் வகுப்பில் திணறுவாரா என்றால், முதல் சில மாதங்கள் திணறுவார் என்பதுதான் நேர்மையான பதில். அதைத் தெரிந்துதான் பி.பார்ம். பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே கணிதம் படித்து வந்தவர்களுக்கு உயிரியலும், உயிரியல் படித்து வந்தவர்களுக்குக் கணிதமும் குறைதீர் பாடமாக வைத்திருக்கிறார்கள். டி.பார்ம். முதலாண்டில் மனித உடற்கூறியலும் உடலியங்கியலும் அடிப்படையிலிருந்து கற்பிக்கப்படுகின்றன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆசிரியர் பலகையில் படம் போட்டு விளக்கும் நாளில், மாமியாரின் மருந்துகளை வேளை பிரித்த உங்களுக்கு அந்தப் படம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

இரண்டில் எது என்று கேட்டால், உங்கள் நிலையில் இருப்பவருக்கு டி.பார்ம். என்றே நான் சொல்வேன். இரண்டு ஆண்டுப் படிப்பும், அதன் பிறகு மூன்று மாதங்களுக்குக் குறையாத 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் முடிந்தால், மாநில பார்மசி கவுன்சிலில் பதிவுசெய்து மருந்தாளுநராகப் பணியாற்றலாம். பிற்காலத்தில் படிக்க வாய்ப்பு அமைந்தால், அதே டி.பார்ம். தகுதியைக் கொண்டு பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். நேரே பி.பார்ம். சேர்ந்தால் நான்கு ஆண்டுகள் முழுமையாக வருமானமின்றி இருக்க வேண்டும். மருந்து உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, மருந்து ஆய்வாளர் பணி, மேற்படிப்பு ஆகியவற்றை இப்போதே மனத்தில் தீர்மானித்துவிட்டவருக்குப் பி.பார்ம். பொருந்தும், நோயாளியின் கையில் மருந்தைக் கொடுக்கும் இடத்தில் நிற்க விரும்புகிறவருக்கு டி.பார்ம். போதுமான தொடக்கம். டி.பார்ம். முடித்தவர்கள் பதிவுக்கு முன் மூன்று தாள்கள் கொண்ட வெளியேறு தேர்வு ஒன்றை எழுத வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டில் விதிமுறை வெளியாகியிருக்கிறது; ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடு பெற வேண்டும். சேரும்போதே கல்லூரியில் இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் ஆறு ஆண்டு அனுபவம் வீணா என்ற கேள்விதான் என்னைத் தொட்டது. நானும் இயற்பியல் பட்டதாரிதான். பெருந்துறைப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதிவிட்டு, 25 வயதில் டி.பார்ம். சேர்ந்தேன். இன்றுவரை என்னிடம் இருக்கும் நல்ல பழக்கங்களில் பாதி அந்த அலுவலகத்தில் வந்தவை. ஒரே நிறமாக இருந்தாலும் ஒரு சாய லாட்டும் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதி) அடுத்த லாட்டும் கலந்து கட்டிங் மேசைக்குப் போய்விட்டால் ஆடையில் நிறம் ஒத்துப்போகாது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்துப் பெட்டியிலும் அதேபோல, ஒரே தடவையில் தயாரான தொகுதியைக் காட்டும் பேட்ச் எண் ஒன்று இருக்கிறது. ஒரு மாத்திரையின் குறிப்பிட்ட பேட்ச் தரமற்றது என மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தால், அந்த மருந்தின் பெயரை மட்டும் தெரிந்துவைத்திருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பேட்ச் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, இன்னும் எத்தனை அட்டை அலமாரியில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்தான் அன்று தேவைப்படுவார். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது துணிக்கிடங்கின் வழக்கம். மருந்துக்கிடங்கில் முதலில் காலாவதியாவதே முதலில் வெளியே போக வேண்டும். இந்தச் சிறு மாற்றத்தை மட்டும் பழகிக்கொண்டால் போதும், மற்ற ஒழுங்கு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் துணியில் நேர்ந்த தவறுக்குத் தள்ளுபடி கொடுத்துச் சமாளிக்கலாம், மருந்தில் அதற்கு இடமில்லை. இதை நான் கற்றுக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. பயிற்சியின் இரண்டாவது மாதம். ஒரு மருத்துவமனையின் மருந்தகம். மூட்டுவாத நோயாளியான ஒரு அம்மாவின் மருந்துச் சீட்டு என் கைக்கு வந்தது. அதில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதியிருந்தன. மற்ற எல்லா மருந்துகளையும் போல நினைத்து, இரண்டு கவர்களிலும் 'தினமும் இரவு 1' என்று எழுதி வைத்தேன். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். அருகில் நின்ற மூத்த மருந்தாளுநர் கவரை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கிழித்துப் போட்டார், புதுக் கவரை என்னிடம் நீட்டினார். "வாரம் ஒண்ணுன்னு எழுதுனாப் பத்தாது. எந்தக் கெழமைன்னு அந்தம்மாவையே கேட்டு, அந்தக் கெழமையை எழுது" என்றார். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை என்றார். 'ஞாயிறு இரவு மட்டும்' என்று எழுதி, அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துக் கொடுத்தனுப்பினேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது; இன்றும் அந்த மருந்துக்குக் கிழமையை எழுதாமல் நான் கவரைக் கொடுப்பதில்லை.

கல்லூரியைப் பொறுத்தவரை உங்கள் ஊரைச் சுற்றி வாய்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. கோவையில் பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச்., ஸ்ரீ ராமகிருஷ்ணா, ஈரோட்டில் நந்தா, குமாரபாளையத்தில் ஜே.கே.கே.என்., திருச்செங்கோட்டை அடுத்த எளையாம்பாளையத்தில் சுவாமி விவேகானந்தா எனப் பல பார்மசி கல்லூரிகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எத்தனை இடம் என்பது மாறக்கூடியது. நேரில் போய்க் கேளுங்கள். கேட்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். 500 மணி நேரப் பயிற்சிக்கு மாணவர்களை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்க விடுகிறார்களா என்பதைக் கேளுங்கள். பெட்டி பிரித்து அடுக்குவதிலேயே பயிற்சிக்காலம் முடிந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனம் வருந்தியிருக்கிறேன்.

ஊதியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டு அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர் திருப்பூரில் வாங்கும் சம்பளத்தைத் தனியார் மருந்துக்கடை ஒன்றில் தொடக்கத்தில் எதிர்பார்க்க முடியாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தாளுநர்களைத் தேர்வு செய்கிறது; டி.பார்ம். அதற்குப் போதுமான தகுதி. ஆனால் அறிவிக்கை ஆண்டுதோறும் வருவதில்லை. எனவே இரண்டரை ஆண்டுகளுக்கான வீட்டுச் செலவைக் கணக்கிட்டு, கணவரோடு உட்கார்ந்து பேசிய பிறகே வேலையை விடுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். பிளஸ் டூ வணிகவியல் பிரிவு, பிறகு பி.காம்., வயது 34. சொந்தமாக மருந்துக்கடை வைக்க ஆசை. டி.பார்ம். முடித்த ஒருவரின் சான்றிதழை மாத வாடகைக்கு வாங்கி மாட்டிவிட்டால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? அல்லது நானே படித்துவிடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: செய்யக்கூடாது. ஒருவர் சான்றிதழை மாட்டிவிட்டுத் தன் ஊரில் இருப்பதும், அவர் பெயரில் மற்றொருவர் மருந்து கொடுப்பதும் சட்டத்துக்கு மாறானது. மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கலந்தோ பிரித்தோ கொடுக்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உண்டு என்று 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளும், சில்லறைக் கடையில் சீட்டுக்கான மருந்து அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் வழங்கப்பட வேண்டும் என்கின்றன.

சட்டம் இருக்கட்டும், கடையில் அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு நெசவாளியின் மனைவி எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். "ஏனுங்க, தெனமும் ஊசி போட்டும் சக்கரை எறங்கவே மாட்டீங்குதுங்க" என்றார். போடும் மருந்தையும் சிரிஞ்சையும் அடுத்த நாள் எடுத்துவரச் சொன்னேன். மஞ்சள் பையிலிருந்து இன்சுலின் குப்பியை எடுத்து வைத்தார். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள வழக்கமான குப்பி. அதன் பக்கத்தில் அவர் வைத்த சிரிஞ்சுக்கு ஆரஞ்சு நிற மூடி. ஆரஞ்சு மூடி என்றால் 100 யூனிட் அளவுள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சு. 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடிதான் பொருந்தும். அந்த ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை அவர் ஏற்றியபோது, உள்ளே வந்தது 0.2 மில்லி, அதாவது எட்டே யூனிட். மருத்துவர் எழுதியது 20. வேறோர் இடத்தில் வாங்கும்போது குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

இதில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருந்தது. சர்க்கரை குறையவில்லையே என்று மருத்துவர் அளவை 30 ஆக உயர்த்தி, அந்தச் சமயத்தில் யாராவது சரியான சிவப்பு மூடி சிரிஞ்சைக் கொடுத்திருந்தால், நேற்று எட்டு யூனிட் போன உடம்புக்குள் இன்று 30 யூனிட் போயிருக்கும். இரவில் தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்து மயங்கினால் எழுப்புவதற்கு யார்? சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் சிரிஞ்சின் மூடி நிறத்தைப் பார்க்காது. தெரிந்தவரின் யோசனைப்படி நீங்கள் வாடகை கொடுத்து வாங்குவது அந்தக் காகிதத்தை மட்டும்தான்.

நீங்களே படிக்க முடியுமா என்றால், வணிகவியல் பிரிவு என்பதால் நேரடியாக முடியாது. பட்டம் எதுவாக இருந்தாலும் பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் இல்லாத குறையை அது ஈடுசெய்யாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைச் செய்முறைத் தேர்வோடு மீண்டும் எழுதும் யோசனை சிலருக்கு உண்டு. அப்படிச் செய்வதானால், தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, அந்தச் சான்று சேர்க்கைக்கும் பதிவுக்கும் ஏற்கப்படும் என்ற பதிலை மாணவர் சேர்க்கைக் குழுவிடமும் மாநில பார்மசி கவுன்சிலிடமும் எழுத்து வடிவில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பி மூன்று ஆண்டுகளைச் செலவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது, உங்களுக்கு இருப்பது வணிக ஆசைதான் என்று எனக்குப் பட்டது. அதற்கு நேர்வழி இருக்கிறது. சில்லறை மருந்துக்கடையின் உரிமையாளர் மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் பதிவுபெற்ற மருந்தாளுநர் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முழுநேரச் சம்பளம் கொடுத்து ஒருவரை நியமியுங்கள். வாடகைச் சான்றிதழைவிடச் செலவு கூடும் என்பது உண்மை. அந்தச் செலவைத் தாங்காத கணக்கு என்றால் அந்த இடத்தில் அந்தக் கடை வேண்டாம் என்றே கணக்காளரான நீங்கள் முடிவெடுக்க வேண்டும். கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் பரப்பும், குளிர்பதனப் பெட்டியும் தேவை. கூடுதல் கட்டுப்பாட்டுடன் விற்க வேண்டிய எச்1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைக் குறித்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் திட்டத்தில், பி.பார்ம். அல்லது டி.பார்ம். படித்தவர்களோடு, அவர்களின் ஒப்புதலைப் பெற்ற மற்றவர்களும் தொழில்முனைவோராக விண்ணப்பிக்க வழிசெய்தார்கள். மானியம் மூன்று லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். புதிய விண்ணப்பங்கள் கோரப்படுகின்றனவா என்று கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி மொத்த விற்பனை. மொத்த விற்பனை உரிமத்துக்குப் பொறுப்பான தகுதியுள்ள நபராக, பதிவுபெற்ற மருந்தாளுநர் மட்டுமல்லாமல், மருந்து விற்பனையில் ஓராண்டு அனுபவமுள்ள எந்தப் பட்டதாரியும் இருக்கலாம் என்று அதே 1945-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. பத்தாம் வகுப்பு முடித்தவராக இருந்தால் நான்கு ஆண்டு அனுபவம் வேண்டும். உங்கள் பி.காம். பட்டம் பயன்படும் இடம் இதுதான். மண்டியில் சரக்கு, கடன், வசூல், கிடங்கு ஆகியவற்றை நடத்திய அனுபவம் மொத்த மருந்து வணிகத்துக்கு அப்படியே பொருந்தும். ஈரோட்டிலோ கோவையிலோ உரிமமுள்ள ஒரு மொத்த விற்பனையாளரிடம் ஓராண்டு சம்பளத்துக்கு வேலை செய்யுங்கள்; சம்பளப் பட்டியலும் அனுபவச் சான்றும் முறையாக இருக்கட்டும். அந்த ஓராண்டில் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். நேரடியாக எம்.பார்ம். என்னும் முதுநிலைப் படிப்பில் சேர்ந்து மருந்து நிறுவனத்துக்குப் போக முடியுமா? (வாசகி, ராசிபுரம்)

பதில்: முடியாது. எம்.பார்ம். படிப்புக்குப் பி.பார்ம். பட்டமே அடிப்படைத் தகுதி. பி.பார்ம். முதலாண்டிலிருந்து தொடங்கினால் நான்கும் இரண்டும் ஆறு ஆண்டுகள் ஆகும். உங்களுக்கு அது தேவையில்லை என்று நினைக்கிறேன். மருந்து நிறுவனத்துக்குப் போவதற்கு எம்.எஸ்சி. வேதியியலே நேரான வழி. மாத்திரை கரையும் வேகத்தைச் சோதிப்பது, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் மருந்தின் அளவைக் கணக்கிடுவது, மூலப்பொருளின் தூய்மையை ஆராய்வது ஆகிய தரக்கட்டுப்பாட்டு வேலைகள் எல்லாம் வேதியியல் படித்தவர்களின் வேலைகள். வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரி, மருந்து உற்பத்தியில் மூன்று ஆண்டு அனுபவம் பெற்றால், உற்பத்தியை மேற்பார்வையிடும் தொழில்நுட்பப் பணியாளராக ஏற்கப்படவும் விதிகளில் இடமுண்டு. பார்மசி பட்டதாரிக்கு அது 18 மாதம். கொங்கு நாட்டைவிட்டுச் சென்னை, புதுச்சேரி, ஐதராபாத் பக்கம் போகத் தயாராக இருந்தால் வாய்ப்பு அதிகம். மருந்தகத்தில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் பணிதான் வேண்டும் என்றால் மட்டும் உங்கள் பிளஸ் டூ பட்டியலைக் கொண்டு டி.பார்ம். பற்றி யோசியுங்கள்.

கேள்வி: என் மகன் பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறான். கல்லூரிக்கே போக வேண்டாம், தேர்வு எழுதும்போது மட்டும் வந்தால் போதும், வெளிமாநிலக் கல்லூரி ஒன்றிலிருந்து டி.பார்ம். சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா? (ஒரு தந்தை, கரூர்)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டி.பார்ம். முழுநேர நேரடிப் படிப்பு. 75 விழுக்காடு வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ இதைப் படித்துப் பதிவு பெற முடியாது. கல்லூரி இந்திய பார்மசி கவுன்சிலின் அனுமதி பெற்றதா என்பதைக் கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் நீங்களே பார்க்கலாம். பட்டியலில் கல்லூரியின் பெயர் இருப்பதாலேயே அந்தத் தரகர் சொல்வது உண்மையாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழின் உண்மைத்தன்மை சரிபார்க்கப்படும். போலி என்று தெரிந்தால் குற்ற வழக்கில் நிற்பது உங்கள் மகன்தான். முன்பணம் வாங்கியவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். இப்படிப் பணத்தையும் இரண்டு ஆண்டுகளையும் இழந்துவிட்டு என் முன் உட்கார்ந்து அழுத ஒரு இளைஞனின் முகம் எனக்கு மறக்கவில்லை. உங்கள் மகன் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. அறிவியல் பிரிவாக இருந்தால் நேர்வழியிலேயே சேர்ந்து படிக்கலாம்; கலைப் பிரிவாக இருந்தால், மேலே ஈரோட்டு வாசகருக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 43 வயது. உயிரியல் பிரிவில் பிளஸ் டூ, பிறகு பி.ஏ. தமிழ் இலக்கியம். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். 18 வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஆசை விடவில்லை. இந்த வயதில் டி.பார்ம். சரியா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: உங்கள் கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, அம்மா. மருந்தகத்தில் அது எவ்வளவு பெரிய தகுதி என்பதைப் படித்து முடித்த பிறகு உணர்வீர்கள். 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்', 'கடித்துச் சாப்பிடவும்', 'நாக்கின் அடியில் வைக்கவும்' என்பதையெல்லாம் பாட்டிமாருக்குப் புரியும் தமிழில் எழுதவும் சொல்லவும் ஆள் வேண்டும்.

அரசு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் வயது பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். அதன் பிறகு நிர்வாக ஒதுக்கீட்டைப் பற்றிக் கல்லூரியில் கேளுங்கள். படித்து முடிக்கும்போது உங்களுக்கு 45 அல்லது 46 வயதாகும். அரசுப் பணிக்கான வயது வரம்பு வகுப்புவாரியாக வேறுபடும் என்பதால் அதையே நம்பிச் சேர வேண்டாம். தனியார் மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் உங்கள் வயதைக் குறையாகப் பார்க்காது. நிதானமாகப் பேசத் தெரிந்த பெண்மணியிடம் நோயாளிகள் தயங்காமல் கேட்பார்கள், குறிப்பாகப் பெண்கள், மருத்துவரிடமே கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை இது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். முழங்கால் வலி இருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு துறையிலிருந்து வருவதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. இந்தியப் பார்மசி கல்வியின் தந்தை என்று போற்றப்படுகிற மகாதேவ லால் ஷ்ராஃப், வெளிநாட்டில் வேதிப் பொறியியல் படித்துத் திரும்பியவர். அவர்தான் 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கல்விக்கு வித்திட்டார். அவர் பிறந்த மார்ச் 6-ஆம் நாளைத்தான் தேசிய பார்மசி கல்வி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பெஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் படித்தபோது எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டு வயதில் ஒருவர் இருந்தார். முதல் வாரம் எல்லோரும் அவரை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றோம். மூன்றாவது வாரத்திலிருந்து ஆய்வகத்தில் அவர் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க எங்களுக்குள் போட்டி, ஏனென்றால் அவர் தராசில் எடைபோட்டது ஒருபோதும் தப்பாது. விண்ணப்பம் பிளஸ் டூ முடிவுகள் வந்த பின்னர்தான் வெளியாகும். அதற்குள் பழைய உயிரியல் புத்தகம் ஒன்றை வாங்கி, இரத்த ஓட்டம், செரிமானம், சிறுநீரகம் ஆகிய மூன்று பாடங்களை மட்டும் படித்து வையுங்கள்.